வேண்டாத மாத்திரைகள்

பிப்ரவரி 4

மருமகளுக்கு,

நான் நலம். போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பாதியில் "சிக்னல் இல்லை அத்தை" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் சிக்னல் போகாது. அதோடு, இன்று சொன்னதை நாளைக்குச் சொல்லவே இல்லை என்றும் உன்னால் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். உன் மகள் சிட்டு மாத்திரையைக் குப்பையில் போடுகிறாள்.

குப்பையைக் கிளறாமல் கொட்டும் பழக்கம் எனக்கு இல்லை. தையல்கடைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவள் வீட்டில் நூல் துண்டுக்குள் ஊசி கிடக்கும், பொத்தான் கிடக்கும். முந்தாநாள் கிளறினால், பென்சில் சீவலுக்கு அடியில், நோட்டுத் தாளில் மடித்து, பழுப்பு நிறத்தில் மாத்திரைகள். ஒரு வரிசை முழுக்கப் பிதுக்கி எடுத்துப் போட்டிருக்கிறாள்.

இரும்புச் சத்து மாத்திரை, ரத்தம் குறைவு, தினம் ஒன்று என்று நீதான் சொன்னாய். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்வாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னடி இது?"

"அது வேண்டாத மாத்திரை பாட்டி."

"மாத்திரையில வேணுங்கறது வேண்டாததுன்னு இருக்கா? நீ என்ன கத்திரிக்காயா பொறுக்கறே?"

சுவரைப் பார்த்தாள். அவள் அப்பனும் பொய் சொல்லும்போது சுவரைத்தான் பார்ப்பான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் சலவை ஆலைக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள், பள்ளிக்கூடமும் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஜூன் மாதம் அவளை என்னிடம் விட்டுப் போனாய். பதினைந்து வயசுப் பெண். ஜூனிலிருந்து இன்றுவரை அவளுக்கு மாதவிலக்கு வந்த அடையாளமே இல்லை. குப்பை பார்க்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தாய். நான் வருகிறேன் என்றதற்கு "வேண்டாம் அத்தை, தொத்திக்கும்" என்றாய். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் இந்த மாத்திரை. எனக்கு எதுவும் மறக்காது. உன் நாத்தனார் பிரசவத்துக்கு நான் ஒற்றை ஆளாக நின்றபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாய். அந்தச் செருப்பின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சை.

பிள்ளைக்கு என்ன நோய்? எழுது.

உன் மாமியார்


பிப்ரவரி 10

அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. விரிப்புகளை மடிக்கிற மேஜையில் வைத்து இதை எழுதுகிறேன். எழுத்தில் ஈரம் பட்டிருந்தால் அது வேறொன்றுமில்லை, தண்ணீர்தான்.

பழுப்பு மாத்திரையை எறியச் சொன்னது டாக்டர். அவள் மற்றதைச் சாப்பிட்டால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஒரு நாளும் தவறக் கூடாது. நீங்கள் வேறு எதையும் செய்ய வேண்டாம். அவளைக் குடைந்து கேட்கவும் வேண்டாம்.

மாதா மாதம் வருவது பற்றி எழுதியிருந்தீர்கள். ரத்தம் கொஞ்சம் வீக்காக இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படித் தள்ளிப் போகும். டாக்டருக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் போய் விசாரிக்கிற வேலையெல்லாம் தயவு செய்து வேண்டாம்.

நானும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனில் பேசினேன். "சாப்பிட்டியா" என்றால் "ம்". "படிச்சியா" என்றால் "ம்". என் மகள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களா?

நீங்கள் என்னைச் சந்தேகப்படுவது புதிதில்லை. கல்யாணமான புதிதில் என் அம்மா எனக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி என்னிடம் கொடுத்தீர்கள். பருக்கை தெரிந்தது அத்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு போகட்டும் என்று இருந்தேன். அவளையும் அப்படிச் செய்யாதீர்கள்.

மருமகள்


பிப்ரவரி 16

மருமகளுக்கு,

பருக்கை தெரிந்ததென்றால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பதினேழு வருஷமாக அதை அடைகாத்துவிட்டு, வன்மம் வைக்கிறவள் நான் என்று ஊரெல்லாம் சொல்கிறாய்.

மெடிக்கல் ஷாப்புக்குப் போக வேண்டாம் என்று நீ எழுதியிராவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். எழுதினாய், போனேன். அவள் பையிலிருந்து புது அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் வைத்தேன்.

"இதுல இரும்பு எதுப்பா?"

"இந்தக் கடைசி வரிசை மட்டும்தாம்மா இரும்பு. பழுப்பா இருக்குல்ல, அதான்."

"அப்ப வெள்ளை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது குடும்பக் கட்டுப்பாடும்மா. கொழந்தை உண்டாகாம இருக்கறதுக்கு."

எப்படிப் படியேறி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

நீயே என் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார். பெண்ணுக்கு மாதவிலக்கு இல்லை. இரும்பை எறிகிறாள். குழந்தை உண்டாகாமல் இருக்கிறதை முழுங்குகிறாள். பெற்றவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால் விசாரிக்காதே என்கிறாள். அந்தக் காய்ச்சல் என்ன காய்ச்சல்? யார் அவன்? என் மகனுக்குத் தெரியுமா, இல்லை, லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன்தானே என்று அவனுக்கும் இரும்பு என்றே சொல்லி வைத்திருக்கிறாயா?

வெள்ளை மாத்திரை எல்லாவற்றையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். போன வியாழக்கிழமையிலிருந்து பழுப்பு மட்டும் கொடுக்கிறேன். நீ சொன்னபடிதான் நடக்கிறேன். இரும்பு என்றாய், இரும்பு கொடுக்கிறேன். எதிரே உட்கார்ந்து, முழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

முதல் நாள் அழுதாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முழுங்கறேன் பாட்டி" என்றாள். போனையும் வாங்கி வைத்துவிட்டேன். "உங்கம்மாகிட்ட நான் காகிதத்துல கேட்டுக்கறேன், நீ முழுங்கு" என்றேன். முழுங்கினாள்.

என்ன நடந்தது என்று இப்போதாவது உள்ளதை எழுது. யார் என்று மட்டும் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமியார்


பிப்ரவரி 22
ஆஸ்பத்திரி, மேல்மாடி

அத்தை,

இதை வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கீழே வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. மேலே வர வேண்டாம். உங்களை விடக் கூடாது என்று அவரிடம் சொன்னது நான்தான்.

பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் இன்று காலையில்தான் சொன்னார். யார் யாரோ கொடுத்த ரத்தம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. உதடு இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது.

யார் அவன் என்று கேட்டீர்கள். எவனும் இல்லை. அவளுடைய ரத்தம்தான். நமக்கு எங்காவது வெட்டுப்பட்டால் ரத்தத்தில் இருக்கிற சின்னச் சின்னத் துணுக்குகள் ஓடி வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். இவளுக்கு அவை இருக்கின்றன, ஒட்டுவதில்லை. பிறவியிலேயே அப்படி. பல் விழுந்தபோது தலையணை நனைந்தது. அப்போது பல் டாக்டரைத் திட்டினோம். பதிமூன்று வயதில் வந்தது காய்ச்சல் இல்லை. முதன்முதலாக மாதவிலக்கு வந்தது. வந்தது நிற்கவில்லை. நான் விரிப்புத் துவைக்கிறவள், பார்க்காத கறை இல்லை. அந்த விரிப்பை நான் துவைக்கவில்லை. எரித்தேன்.

அதற்குத்தான் இந்த மாத்திரை. வெள்ளை, கருப்பையின் உள்பக்கம் வளர்கிற படலத்தைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தினால் அது உதிர்ந்து ரத்தமாக வரும். மற்ற பெண்களுக்கு மாதம் ஒரு தடவை வரட்டும் என்றுதான் கடைசி வரிசையில் மருந்து இல்லாமல் வெறும் இரும்பை வைத்திருக்கிறார்கள். பழுப்பு என்றால் மருந்துக்கு லீவு. சிட்டுவுக்கு அந்த லீவே கூடாது. பழுப்பை எறிந்துவிட்டு நேரே அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். நீங்கள் மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு லீவை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இரும்பு என்று சொல்லச் சொன்னது நான். உங்கள் மகனுக்கும் தெரியும். பாட்டியிடம் உள்ளதைச் சொல்லி வையுங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார். குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதையேதான் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் கையெழுத்தில்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் போன் போட்டேன். அவள் போன் உங்கள் பெட்டியில் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். உங்களுடையதை நீங்கள் எடுக்கவில்லை. பஸ் பிடித்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. படிக்கட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவிதான் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னாள்.

கண் விழித்ததும் கேட்டேன். "ஏன்டி, ரத்தம் போகுதுன்னு பாட்டிகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ பொய் சொன்னது தெரிஞ்சிடும்மா" என்கிறாள்.

அது என் பாவம். நான் சுமக்கிறேன். ஆனால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். நூல் துண்டுக்குள் ஊசியைக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள். நாப்கின் உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. நீங்கள் பார்த்தீர்கள் அத்தை. பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.


பிப்ரவரி 22, மாலை

பார்த்தேன்.

உனக்குக் கடிதம் போட்ட மறுநாள் காலையில் குப்பையில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

நீ இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நடந்தால் இடுப்பைப் பார்ப்பேன், குனிந்தால் வயிற்றைப் பார்ப்பேன். ரத்தத்தைப் பார்த்ததும், வயிற்றில் ஒன்றும் இல்லை, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு. அவளும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இன்னும் நிறையப் போனது தெரிந்தது. இத்தனை மாதம் தங்கியது போகிறது, போகட்டும் என்று இருந்தேன். எங்கள் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

அதற்கு அடுத்த நாள், பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். பொத்தான் எல்லாம் அறை முழுக்க உருண்டது. நான் முதலில் பொத்தானுக்காகத்தான் கத்தினேன். பிறகுதான் அவள் பாவாடையைப் பார்த்தேன். கீழ்வீட்டுத் தையல்காரரும் நானும் படியில் தூக்கி இறக்கினோம். படியெல்லாம் ஆகிவிட்டது. அவர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருத்தி கேட்டாள். "என்ன மாத்திரை சாப்பிடறா?"

"சத்து மாத்திரை" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பேரை என் வாயால் எப்படிச் சொல்வேன்? சிட்டு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை டாக்டர். நிறுத்திட்டாங்க. எனக்கு ரத்தம் உறையாது." அதற்குப் பிறகுதான் அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். அங்கே கைக்கட்டுப் பிரிக்க வந்த ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் மூஞ்சி எனக்கு நினைவிருக்கிறது. என்னைத் தூக்கிக்கொண்டு போகிற நாள்வரை நினைவிருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். இப்போது நான் சொல்வதையும் கேள். உன்னைக் கைப்பிடித்து வீட்டுக்குள் அழைத்த நாளிலிருந்து நீ சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. இரும்பு என்று சொன்னாய் பார், அதை ஒன்றைத்தான் நம்பினேன். நம்பித்தான் கொடுத்தேன்.

மேலே விட மாட்டாய் என்று தெரியும். உன்னைக் கேட்கவில்லை. பாட்டி வரலாமா என்று அவளைக் கேள். வேண்டாம் என்று அவள் சொன்னால் போய்விடுகிறேன். ஆனால் நீ சொல்லி அனுப்பினால் நம்ப மாட்டேன். அவள் கையால் எழுதித் தரச் சொல்.


மார்ச் 12

அத்தைக்கு,

வணக்கம். "வா" என்று அவள் ஒரே எழுத்தில் எழுதி அனுப்பினாள். நீங்கள் வந்து கால்மாட்டில் நின்றீர்கள். போர்வையைச் சரிசெய்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள். அன்று ஏதாவது பேசியிருந்தால் நான் உங்களை அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

சிட்டு இப்போது என்னோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ரத்தம் நின்றுவிட்டது. வெள்ளை மாத்திரை தொடர்கிறது. அவளை இங்கே வைத்திருப்பது சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது. "இது லாட்ஜ் இல்லம்மா" என்றார். அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை. அங்கே வர வேண்டும் என்கிறாள்.

"அங்கயா? யார்கிட்ட போறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றேன்.

"பாட்டி வீட்லதாம்மா என் புக்கெல்லாம் இருக்கு" என்றாள். புத்தகத்தைப் பஸ்ஸில் போட்டு வாங்கலாம், அது அவளுக்கும் தெரியும். ஏன் வர வேண்டும் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போனில் எதையாவது சொல்லி மனசைக் கலைத்தீர்களா?

எனக்கு அனுப்ப இஷ்டமில்லை. ஆனால் நேற்று டாக்டர் ஒன்று கேட்டார். இவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தாலும், காலில் காரணமில்லாமல் கன்றிப்போனாலும் அன்றைக்கே தெரிய வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் மறைப்பார்கள். எதையும் விடாமல் கவனிக்கிற ஆள் உங்கள் வீட்டில் யார் என்றார். நான் ரொம்ப நேரம் யோசித்தேன். யோசித்து எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றியது. எரிச்சலாக இருந்தது.

அதனால் எழுதுகிறேன். தினமும் வெள்ளை. பழுப்பை அவள் எறிவாள், நீங்கள் பொறுக்கக் கூடாது. எங்கே ரத்தம் பார்த்தாலும் நல்லது கெட்டது என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கோ தலைவலிக்கோ கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது, சிலது ரத்தத்தை இன்னும் இளக்கும். போனைப் பிடுங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்டால் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சுற்றி நின்றாலும் சொல்ல வேண்டும். அடுத்த தடவை அவளுக்கு வாய் திறக்கத் தெம்பு இருக்குமோ இருக்காதோ. உங்களால் முடியுமா அத்தை? முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பரீட்சை போனால் போகட்டும்.

டாக்டர் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்திலும் இந்த அட்டை கிடைக்கும் என்கிறார்கள். நீங்கள் போக வேண்டாம். நானே வாங்கி அனுப்புகிறேன்.

மருமகள்


மார்ச் 18

மருமகளுக்கு,

முடியுமா என்று கேட்டிருந்தாய். போக வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். போனேன்.

சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை வரிசை வாசல்வரை நின்றது. எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற சின்னப் பெண்கள். நடுவில் நான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலையைத் தூக்காமல், "என்ன வேணும் பாட்டி, பிரஷர் மாத்திரையா? அது அந்தப் பக்கம்" என்றாள்.

"குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். முதல் தடவைதான் கஷ்டம்.

வரிசையில் எனக்கு இரண்டு ஆள் பின்னால் யார் தெரியுமா? தையல்காரர் மனைவி, மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். படிக்கட்டுக் கழுவிய நாளிலிருந்து, பிள்ளைக்கு என்ன, பிள்ளைக்கு என்ன என்று என் வாயைக் கிண்டிக்கொண்டே இருக்கிறவள். அவள் கண் என் முதுகில் ஊசி மாதிரி குத்தியது.

"யாருக்குக்கா அந்த மாத்திரை?" என்றாள். குரலில் அப்படி ஒரு வெல்லம்.

"எனக்குத்தான்" என்றேன்.

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?"

ஒரு பெண் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தாள். நர்ஸும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். டாக்டர் சீட்டை நாலாய் மடித்து அவள் கைக்கு மட்டும் தெரிகிற மாதிரி நீட்டினேன். பிரித்துப் படித்தாள். வயசைப் படித்தாள், நோயைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"சரி பாட்டி. ஒரு நாளும் விடாம சாப்பிடுங்க" என்று மூன்று அட்டை எடுத்து வைத்தாள். நல்ல பெண். இருந்தாலும் அட்டையைப் பிரித்து, வெள்ளையா, எத்தனை வரிசை, தேதி தாண்டவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. தையல்காரர் துணியை என் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போகிறார். எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். நான் தெருவில் இறங்கினால் ஜன்னல் ஜன்னலாகத் தலை முளைக்கிறது. புருஷன் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு ஆள் இருக்கிறானாம். அவன் யார் என்பதிலும் இரண்டு கட்சியாம். சிட்டுவுக்கு என்ன என்று இப்போது எவளும் கேட்பதில்லை.

நீ எழுதிய எல்லாவற்றுக்கும் சம்மதம். போனில் நான் மனசைக் கலைக்கவில்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டு, "தலை வாரி விடுவீங்களா பாட்டி" என்றாள். அதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நீ குடைந்துகொண்டே இருப்பாய் என்று எழுதுகிறேன்.

அவளைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடாதே. நீயே கூட்டிக்கொண்டு வா. வந்து, செருப்பைக் கழற்றி உள்ளே உட்கார்ந்து, அவள் மாத்திரை முழுங்குவதை உன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போ. நீ என்னை நம்ப வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை.

தெருமுனையில் திரும்பும்போதே யாராவது உன்னை மறிப்பார்கள். அநேகமாகத் தையல்காரர் மனைவிதான். "உங்க மாமியாரு அந்த மாத்திரையா சாப்பிடறாங்க?" என்று கேட்பாள். பக்கத்தில் சிட்டு நிற்பாள். நீ ஆமாம் என்று சொல். சிரிக்காமல் சொல்.

உன் மாமியார்